பழுது தாங்கும் சர்வர்கள்: டூப்ளெக்ஸ் நிலையும் சிம்ப்ளெக்ஸ் நிலையும்

சர்வர் வாங்குவதற்காக வரும் கொட்டேஷன்களில் இரண்டு பவர் சப்ளை, இரண்டு நெட்வொர்க் கார்டு, ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 முறையில் இரண்டு டிஸ்க் என்று எல்லாம் இரண்டிரண்டாக எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணிக்கையைப் பார்த்தே, இயந்திரம் எந்தப் பழுதையும் தாங்கிவிடும் என்று முடிவுசெய்பவர்கள் பலர். ஆனால் ஒரு பாகம் தவறாக இயங்கத் தொடங்கினால் அதைக் கண்டுபிடிப்பது எது, அந்தத் தவறு அடுத்த பாகத்துக்குப் பரவாமல் எங்கே தடுக்கப்படுகிறது, பழுதான பாகத்தை மாற்றியபின் இயந்திரம் மீண்டும் இரட்டை நிலைக்கு எப்படித் திரும்புகிறது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அந்த எண்ணிக்கையில் விடை இல்லை. பழுது தாங்கும் சர்வர்களை வடிவமைத்தவர்கள் ஐம்பது ஆண்டுகளாக விடை தேடிவருவது இந்த மூன்றுக்கும்தான். இவற்றுள் மூன்றாவது கேள்வி மிகக் குறைவாகக் கேட்கப்படுகிறது. மிக அதிகமாகக் கேட்கப்பட வேண்டியதும் அதுவே என்பது என் உறுதியான கருத்து.

இத்துறையில் பழுது, பிழை, செயலிழப்பு ஆகிய மூன்றையும் பிரித்தே பேசுவார்கள். நினைவகச் சிப்பின் ஒரு செல் கெட்டுப்போவது பழுது. அதனால் ஒரு பிட் மாறி, கணக்கில் தவறான எண் நுழைவது பிழை. அந்த எண் வாடிக்கையாளரின் கணக்கு இருப்பாகத் திரையில் தோன்றுவது செயலிழப்பு. பழுதே வராத பாகத்தை எவராலும் செய்ய முடியாது. பழுதுக்கும் செயலிழப்புக்கும் இடையில் எத்தனை தடுப்புகளை அமைக்க முடியும் என்பதைத்தான் வடிவமைப்பாளர் தீர்மானிக்கிறார்.

இதை வணிகக் கணினிகளில் முழுமையாகச் செய்துகாட்டிய முதல் நிறுவனம் டாண்டம். ஹியூலெட் பேக்கார்டில் பணியாற்றிய ஜேம்ஸ் ட்ரைபிக் 1974-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இந்நிறுவனம், தன் முதல் இயந்திரமான டாண்டம் 16-ஐ 1976-இல் சிட்டி வங்கிக்கு வழங்கியது. அதன் அமைப்பு இன்று படித்தாலும் வியப்பளிக்கும் அளவுக்குத் தெளிவானது. 2 முதல் 16 செயலிகள் வரை அதில் பொருத்தலாம். ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவகம் உண்டு, இரண்டு செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம் என்று எதுவும் கிடையாது. செயலிகளை இணைப்பது டைனாபஸ் எனப்பட்ட இரட்டைப் பாதை. ஒரு பாதை அறுந்தால் மற்றதில் செய்தி செல்லும். டிஸ்க்குகளை இயக்கும் சுற்றான ஒவ்வொரு டிஸ்க் கன்ட்ரோலருக்கும் இரண்டு வாயில்கள் இருந்தன. அவை இரு வேறு செயலிகளுடன் இணைக்கப்பட்டன. ஒவ்வொரு டிஸ்க்கும் இரண்டு கன்ட்ரோலர்களுடன் இணைக்கப்பட்டதோடு, அதன் பிரதியாக இன்னொரு டிஸ்க்கும் இயங்கியது. மின்சாரத்திலும் இதே கவனம் இருந்தது: ஒரு கன்ட்ரோலர் இரு வேறு பவர் சப்ளைகளிலிருந்து மின்சாரம் பெற்றதால், ஒரு செயலிக்கான மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கும்போதும் கன்ட்ரோலர் இயங்கிக்கொண்டே இருந்தது.

இந்த அமைப்பில் பழுதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இரண்டு இடங்களில் இருந்தது. முதலாவது, செயலியே தன்னுள் முரண்பாட்டைக் கண்டால் தொடர்ந்து இயங்காமல் உடனே நின்றுவிடும். சரியாக இயங்கு, இல்லையேல் நின்றுவிடு என்ற இந்த ஒழுங்குக்கு ஃபெயில் ஃபாஸ்ட் என்று பெயர். நின்றுபோன பாகத்தை விடப் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இயங்கும் பாகம் பன்மடங்கு ஆபத்தானது என்பதால், மற்ற எல்லாத் தடுப்புகளும் இந்த ஒழுங்கை நம்பியே கட்டப்படுகின்றன. இரண்டாவது, ஒவ்வொரு செயலியும் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை தான் உயிருடன் இருப்பதாக மற்றச் செயலிகளுக்குச் செய்தி அனுப்பும். ஒன்றிடமிருந்து செய்தி வரவில்லையென்றால் மற்றவை அதைச் செயலிழந்ததாக அறிவித்துவிடும். நிரல்கள் இணைகளாக ஓடின. முதன்மை நிரல் ஒரு செயலியிலும் அதன் துணை இன்னொரு செயலியிலும் இருக்க, முதன்மை நிரல் தன் நிலையை அவ்வப்போது செக்பாயின்ட் செய்தியாகத் துணைக்கு அனுப்பியது. முதன்மை நிரல் இருந்த செயலி விழுந்தால், கடைசி செக்பாயின்டிலிருந்து துணை நிரல் வேலையைத் தொடர்ந்தது.

இந்த ஏற்பாட்டின் விலையை நிரலாளர்கள் கொடுத்தார்கள். எந்த இடத்தில் செக்பாயின்ட் அனுப்ப வேண்டும், எதையெல்லாம் அனுப்ப வேண்டும் என்பதை நிரல் எழுதுபவரே சிந்திக்க வேண்டியிருந்தது. ஒரு வேலை முழுவதும் நிறைவேறும், இல்லையேல் எதுவுமே நிறைவேறாது என்று உறுதிசெய்யும் பரிவர்த்தனை மேலாண்மை மென்பொருள் வந்தபின்தான் அந்தச் சுமை குறைந்தது.

இதற்கு நேர் எதிரான விடையுடன் 1980-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்டது ஸ்ட்ராட்டஸ். மென்பொருள் எதையும் அறிய வேண்டியதில்லை, வன்பொருளே பழுதை விழுங்கிவிடும் என்பது அவர்களின் நிலைப்பாடு. ஒரே போர்டில் இரண்டு செயலிகளை வைத்து, இரண்டையும் ஒரே கடிகாரத் துடிப்பில் ஒரே கட்டளையை நிறைவேற்றவைத்து, அவற்றின் வெளியீடுகளை ஒப்பீட்டுச் சுற்று ஒன்று இடைவிடாமல் சரிபார்த்தது. இப்படி அடிக்கு அடி சேர்ந்து ஓடுவதற்கு லாக்ஸ்டெப் என்று பெயர். இரண்டு விடைகளும் வேறுபட்ட நொடியே அந்தப் போர்டு, போர்டுகளை இணைக்கும் பஸ் எனப்படும் பாதையிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அதே வேலையை அதே துடிப்பில் செய்துகொண்டிருக்கும் இன்னொரு இரட்டைச் செயலிப் போர்டு ஒரு கணமும் தடங்கலின்றித் தொடரும். பேர் அண்ட் ஸ்பேர் என்று அழைக்கப்படும் இந்த முறையில் ஒரு செயலியின் வேலைக்கு நான்கு செயலிகள் தேவைப்படுகின்றன. ஐபிஎம் நிறுவனமே இந்த இயந்திரங்களை வாங்கி சிஸ்டம் 88 என்ற பெயரில் விற்றது என்பது அந்தக் காலத்தில் இந்த வடிவமைப்புக்கு இருந்த மதிப்பைக் காட்டும்.

நான்கு எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பு. ஒரே கணக்கை இருவர் போட்டு விடைகள் வேறுபட்டால், எவரோ ஒருவர் தவறியிருக்கிறார் என்பது தெரியும். தவறியவர் யார் என்பது தெரியாது. மூவர் போட்டால் பெரும்பான்மையை ஏற்கலாம். நம்பகமற்ற பாகங்களைக் கொண்டு நம்பகமான அமைப்பைக் கட்ட முடியும் என்று ஜான் ஃபான் நாய்மன் 1956-இல் வெளியான கட்டுரையில் காட்டிய வழியும் வாக்கெடுப்பைச் சார்ந்ததே. சனி கிரகத்தின் பெயர் தாங்கிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் வழிகாட்டும் கணினி, தன் தர்க்கச் சுற்றுகளை ஏழு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் மும்மடியாக்கி, பகுதிகளுக்கிடையில் வாக்கெடுப்புச் சுற்றுகளை வைத்திருந்தது. டிஎம்ஆர் எனப்படும் இந்த மும்மடி முறை மூன்று பாகங்களுடன் முடிந்துவிடுவதாகத் தோன்றினாலும், வாக்குகளை எண்ணும் சுற்றே பழுதானால் என்ன செய்வது என்ற கேள்வி உடனே எழும். அதையும் பெருக்க வேண்டிவரும். ஸ்ட்ராட்டஸின் நான்கு செயலி முறைக்கு அப்படிப்பட்ட பொது நடுவர் தேவையில்லை. தவறு எந்தப் போர்டில் நிகழ்ந்தது என்பதை அந்தப் போர்டே தன் எல்லைக்குள் தீர்த்துக்கொள்கிறது. பழுதைக் கண்டுபிடிக்கும் எல்லையும், பழுதைத் தடுத்து நிறுத்தும் எல்லையும், கையால் கழற்றி மாற்றும் எல்லையும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், நான் படித்த வடிவமைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கழற்றி மாற்றும் எல்லை என்பது கையேடுகளில் இரண்டு பெயர்களில் வரும். எஃப்ஆர்யு என்பது பயிற்சி பெற்ற சேவைப் பொறியாளர் வந்து மாற்ற வேண்டிய அலகு; சிஆர்யு என்பது வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளக்கூடிய அலகு. ஸ்ட்ராட்டஸ் இயந்திரத்தில் ஒரு போர்டு செயலிழந்தால், அதில் சிவப்பு விளக்கு எரியும். இயந்திரமே தொலைபேசி வழியாக நிறுவனத்தின் சேவை மையத்துக்குத் தகவல் அனுப்பும். மாற்றுப் போர்டு கூரியரில் வந்துசேரும். தன் இயந்திரத்தில் பழுது ஏற்பட்டதை அந்தப் பொட்டலம் வந்தபின்தான் வாடிக்கையாளர் அறிவார் என்ற நிலை இருந்தது. பெருமைக்குரிய பொறியியல்தான் அது. ஆனால் அதற்குள் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

2001-இல் ஸ்ட்ராட்டஸ் வெளியிட்ட எஃப்டி (ஃபால்ட் டாலரன்ட், அதாவது பழுது தாங்கும்) சர்வர் வரிசை இன்டெல் செயலிகளுக்கு மாறியது. ஜப்பானின் என்இசி நிறுவனம் எக்ஸ்பிரஸ் 5800 எஃப்டி என்ற பெயரில் இதே வகை இயந்திரங்களை விற்கிறது. இவற்றின் இன்றைய வடிவத்தில், ஒரு சட்டகத்துக்குள் இரண்டு ஒத்த பாதிகள் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாதியிலும் செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டுக் கார்டுகள், டிஸ்க்குகள், பவர் சப்ளை எல்லாம் அடங்கும்; ஒரு பாதி முழுவதுமே ஒரு சிஆர்யு. இரண்டு பாதிகளும் நல்ல நிலையில் சேர்ந்து ஓடினால் இயந்திரம் டூப்ளெக்ஸ் நிலையில் இருக்கிறது என்பார்கள். ஒன்று விழுந்து மற்றது மட்டும் ஓடினால் சிம்ப்ளெக்ஸ் நிலை.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு வேறுபாடு உண்டு. லாக்ஸ்டெப்பில் ஓடுவது செயலியும் நினைவகமும் மட்டுமே. நெட்வொர்க் கார்டுகளும் டிஸ்க்குகளும் அப்படி ஓடுவதில்லை. அவற்றை இரட்டையாக்குவது மென்பொருள். ஒரு பாதியின் டிஸ்க்குக்கு மறுபாதியின் டிஸ்க் பிரதியாக அமைக்கப்படும். ஒரு பாதியின் நெட்வொர்க் வாயிலும் மறுபாதியின் வாயிலும் ஒரே குழுவாக இணைக்கப்படும். இந்த இணைப்பைச் செய்வது நிறுவுபவரின் கை. ஒரே பாதியில் உள்ள இரண்டு வாயில்களைக் குழுவாக்கிவிட்டால், அமைவுத் திரையில் எல்லாம் பச்சையாகவே தெரியும், இரண்டு கேபிள்களும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். அந்தப் பாதி விழும் நாளில் செயலி ஒரு கணமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, நெட்வொர்க் மட்டும் அறுந்துபோகும். இரண்டு கேபிள்களும் ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டிருந்தால் சர்வரின் இரட்டைத்தன்மை அந்த ஸ்விட்சின் வாசலோடு முடிந்துவிடுகிறது.

லாக்ஸ்டெப் முறை காலப்போக்கில் கடினமாகிக்கொண்டே வந்திருக்கிறது. வெப்பத்துக்கும் சுமைக்கும் ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் செயலிகளும், சிறு நினைவகப் பிழைகளைத் தாமே திருத்திக்கொண்டு அதற்காகச் சில துடிப்புகள் தாமதிக்கும் செயலிகளும் வந்தபின், ஒரே வகைச் செயலிகள் இரண்டு துடிப்புக்குத் துடிப்பு ஒன்றாக ஓடும் என்று எதிர்பார்க்க முடியாமற்போனது. டாண்டமை 1997-இல் காம்பாக்கும், காம்பாக்கை 2002-இல் ஹியூலெட் பேக்கார்டும் வாங்கியபின், இட்டானியம் செயலிகளில் வந்த, டாண்டமின் வழிவந்த நான்ஸ்டாப் இயந்திரங்கள் இதற்கு வேறு வழி கண்டன. இரண்டு அல்லது மூன்று செயலிகள் ஒரே நிரலைத் தத்தம் வேகத்தில் ஓட்டும். அவை வெளியுலகுக்கு ஏதாவது அனுப்பும் இடத்தில் மட்டும் ஓர் ஒத்திசைவு அலகு அவற்றின் வெளியீடுகளை ஒப்பிடும். உள்ளே எந்த வேகத்தில் ஓடினாலும் வெளியே போகும் விடை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. எதை ஒப்பிட வேண்டும் என்ற கேள்வியை இவ்வளவு துல்லியமாகச் சுருக்கியது இந்த வடிவமைப்பின் வலிமை.

நினைவகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சர்வர்களில் வழக்கமான இசிசி நினைவகம், 64 பிட் தரவுக்கு 8 சோதனை பிட்டுகளைச் சேர்த்து, ஒரு பிட் பிழையைத் திருத்தி, இரண்டு பிட் பிழையைக் கண்டறியும். ஒரு சிப் முழுவதும் செத்தால் ஒரே சொல்லில் பல பிட்டுகள் கெடும் என்பதால், பிட்டுகளைப் பல சிப்புகளில் பரப்பி ஒரு சிப்பின் இழப்பையே தாங்கும் முறைகளும் உண்டு; ஐபிஎம் அதற்கு இட்ட சிப்கில் என்ற பெயரே பலருக்குப் பழக்கமானது. அரிதாகப் படிக்கப்படும் பகுதிகளில் ஒரு பிட் பிழை சேர்ந்து சேர்ந்து இரண்டாகிவிடாமல், ஓய்வு நேரத்தில் நினைவகம் முழுவதையும் படித்துத் திருத்திக்கொண்டே போகும் ஸ்க்ரப்பிங் வசதி நடப்பில் இருக்கிறதா என்று சர்வரின் தொடக்க அமைவுத் திரையான பயாஸில் பார்த்துக்கொள்வது நல்லது.

பவர் சப்ளையில்தான் நான் மிக அதிகமான ஏமாற்றங்களைக் கண்டிருக்கிறேன். 1+1 என்றால் இரண்டில் ஒன்று மட்டுமே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். 800 வாட் பவர் சப்ளை இரண்டு உள்ள சர்வர் உச்ச நேரத்தில் 1,000 வாட் இழுத்தால், அங்கே இரண்டு பாகங்கள் இருக்கின்றன, மாற்று என்று எதுவும் இல்லை. வாங்கிய நாளில் 600 வாட் இழுத்த இயந்திரம், கார்டுகளும் டிஸ்க்குகளும் நினைவகமும் சேரச்சேர, எவரும் அறியாமல் அந்த எல்லையைக் கடந்துவிடும். இதே கணக்கு யுபிஎஸ் வரை நீள்கிறது. ஏ பாதை, பி பாதை என்று இரண்டு யுபிஎஸ் வைத்து, ஒவ்வொன்றும் 60 விழுக்காடு சுமையில் ஓடினால், ஒன்று நின்ற கணத்தில் மற்றதன் மேல் 120 விழுக்காடு விழும், அதுவும் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொன்றும் 50 விழுக்காட்டுக்குக் கீழேயே இருக்க வேண்டும், பேட்டரியின் வயதைக் கருதினால் அதற்கும் கீழே. இவ்வளவையும் சரியாகத் திட்டமிட்டுவிட்டு, கடைசியில் சர்வரின் இரண்டு பவர் கார்டுகளையும் ரேக்கின் ஒரே பிளக் பட்டையில் செருகியிருந்த ஓர் அறையை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பாகங்களும் ஒரே காரணத்தால் ஒன்றாக விழும் நிலை மிகத் தீவிரமாக வெளிப்பட்டது 1996 ஜூன் 4 அன்று. ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில் அதன் திசையையும் நகர்வையும் அளக்கும் இரண்டு நிலைமக் குறிப்பு அமைப்புகள் இருந்தன. ஒன்று இயங்க, மற்றது தயார் நிலையில் ஓடியது. இரண்டிலும் ஒரே மென்பொருள். 16 பிட்டில் அடங்காத எண் ஒன்றை மாற்ற முயன்று முதலில் தயார் நிலை அமைப்பும், அடுத்த கணப்பொழுதில் அதே காரணத்தால் இயங்கும் அமைப்பும் நின்றன. புறப்பட்டு ஒரு நிமிடமும் ஆகுமுன் ராக்கெட் அழிந்தது. வன்பொருளில் எந்தப் பழுதும் இல்லை. லாக்ஸ்டெப்பில் ஓடும் இரண்டு செயலிகளும் மென்பொருள் தவறு ஒன்றை இதே போன்று மிகத் துல்லியமாக ஒருசேர நிறைவேற்றும். ஒப்பீட்டுச் சுற்றுக்கு அதில் எந்த வேறுபாடும் தெரியாது. 1985-இல் டாண்டமில் பணியாற்றிய ஜிம் கிரே, வாடிக்கையாளர்களின் இயந்திரங்கள் நின்றுபோன காரணங்களைத் தொகுத்தபோது, நிர்வாகமும் பராமரிப்பும் சார்ந்தவை 42 விழுக்காடு, மென்பொருள் 25 விழுக்காடு, வன்பொருள் 18 விழுக்காடு என்று கண்டார். பழுதைத் தாங்க வடிவமைத்த இயந்திரத்தில் வன்பொருள் பின்னுக்குப் போய், மனிதக் கைகளின் தவறு முன்னுக்கு வந்துவிட்டது. நல்ல பாதியை விட்டுவிட்டுப் பழுதான பாதியைத்தான் இழுக்கிறோம் என்பதை உறுதிசெய்ய, இப்போது கழற்றலாம் என்று காட்டும் தனி விளக்கை எஃப்டி சர்வர்களில் வைத்திருப்பதன் நியாயம் இங்கே புரியும்.

இப்போது நான் சொன்ன ஆபத்துக்கு வருகிறேன். கணக்குக்காக, ஒரு பாதியின் சராசரி ஆயுள் 50,000 மணி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று சாராமல் பழுதாகும் என்றால், இரண்டும் ஒருசேர விழும் வரையிலான சராசரிக் காலம், ஏறத்தாழ அந்த ஆயுளின் வர்க்கத்தை, பழுதுநீக்கும் காலத்தின் இருமடங்கால் வகுத்துக் கிடைப்பது. பழுதான பாதியை 50 மணி நேரத்துக்குள் மாற்றிவிட்டால் விடை 2.5 கோடி மணி. அதே பழுதை எவரும் கவனிக்காமல் 5,000 மணி, அதாவது ஏறத்தாழ ஏழு மாதம், சிம்ப்ளெக்ஸ் நிலையிலேயே ஓடவிட்டால் விடை 2.5 லட்சம் மணி. பாகங்கள் அதேதான், விலையும் அதேதான். பாதுகாப்பு நூறில் ஒரு பங்காகிவிட்டது. பயனருக்குத் துளியும் தெரியாமல் பழுதை மறைப்பதில் ஓர் இயந்திரம் எவ்வளவு தேர்ச்சி பெற்றிருக்கிறதோ, அவ்வளவுக்கு அதைப் பராமரிப்பவருக்குத் தெரியாமல் போகும் வாய்ப்பும் அதிகம். அந்தக் காலத்து ஸ்ட்ராட்டஸ் தானே தொலைபேசியில் அழைத்தது இதனால்தான். இன்று பாதுகாப்புக் காரணங்களுக்காக வெளியிணைப்பு அடைக்கப்பட்ட சர்வர் அறைகளில் அந்த அழைப்பு ஃபயர்வாலிலேயே நின்றுவிடுகிறது.

பாதியை மாற்றிய உடனே எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. புதிய பாதி தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பாதியின் நினைவகம் அதற்குப் பிரதியெடுக்கப்பட்டு, இரண்டும் ஒரே துடிப்பில் இணைய வேண்டும். அதன்பின் டிஸ்க்குகளின் பிரதி முழுமையடைய வேண்டும். நினைவகப் பிரதி விரைவில் முடியும், பெரிய டிஸ்க்குகளுக்குப் பல மணி நேரம் ஆகும். செயலிகள் டூப்ளெக்ஸ் நிலைக்கு வந்துவிட்டதைப் பார்த்து, டிஸ்க் பிரதி முடியுமுன் மறுபாதியை இழுப்பவர் முழுமையான ஒரே பிரதியை இழுக்கிறார்.

ஒரு சர்வர் செத்தால் இன்னொன்று எழும் கிளஸ்டர் அமைப்புடன் இதை ஒப்பிட்டு எது சிறந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கிளஸ்டரில் வேலை இன்னொரு சர்வருக்கு மாறும் ஃபெயில்ஓவருக்கு நொடிகளோ நிமிடங்களோ ஆகும். நினைவகத்தில் இருந்த வேலை போய்விடும். இரண்டு சர்வர்களுக்கிடையிலான தொடர்பு அறுந்தால் இரண்டுமே தானே முதன்மை என்று எழுந்து ஒரே தரவில் எழுதிவிடாமலிருக்க மூன்றாவது சாட்சி ஒன்று தேவை. ஆனால் மென்பொருளை ஒரு சர்வரில் மேம்படுத்தி, மற்றதில் பழைய பதிப்பை வைத்துக்கொள்ளும் வசதியை அது இயல்பாகவே தருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 நிமிடம் 15 நொடி மட்டும் நிற்கலாம் என்னும் 99.999 விழுக்காடு தேவைப்படுபவர், எந்த வகைப் பழுது தன் வேலையை அதிகம் நிறுத்துகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மென்பொருள் தவறுகளால் நிற்பவருக்கு லாக்ஸ்டெப் இயந்திரம் விற்பது நேர்மையான ஆலோசனை ஆகாது.

புதிய இயந்திரத்தை ஏற்றுக்கொள்ளும் முன் நான் செய்யும் சோதனை இந்த வரிசையில் அமையும். உச்சச் சுமையைப் போன்ற ஒரு வேலையை ஓடவிட்டு, ஏ பாதையின் பவரை நிறுத்தி, பி பாதையின் வாட் அளவைக் குறித்துக்கொண்டு, மீண்டும் இயக்க வேண்டும். அடுத்து பி பாதைக்கும் அவ்வாறே. பிறகு ஒரு பாதியை முறைப்படி நிறுத்திக் கழற்றி, நெட்வொர்க் இணைப்பு தொடர்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்து, பாதியை மீண்டும் செருகி, நினைவகமும் டிஸ்க்கும் டூப்ளெக்ஸ் நிலைக்குத் திரும்ப எத்தனை மணி ஆகிறது என்று எழுதிவைக்க வேண்டும். மறுபாதிக்கும் இதையே செய்ய வேண்டும், ஏனெனில் தவறாக இணைத்த கேபிள் ஒரு பக்கத்தில்தான் வெளிப்படும். இவற்றோடு, பாதி கழன்றிருந்த நேரத்தில் எச்சரிக்கை மின்னஞ்சல் யாருடைய பெட்டிக்கு வந்தது, அவர் இன்னும் அந்த நிறுவனத்தில் பணியில் இருக்கிறாரா என்பதையும் ஏற்புப் படிவத்தில் கேட்டு எழுதி வாங்குகிறேன்.